சிலைகளைப் பின்தொடர்ந்து சென்னை: இரண்டு நாள் நடைப்பயணம்

வெளிநாட்டிலிருந்து சென்னை வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். தி.நகரில் துணிக்கடை, மயிலாப்பூரில் கபாலீசுவரர், மாலையில் மெரினாவில் சுண்டல், மறுநாள் சொந்த ஊருக்கு ரயில். மெரினாவில் இறங்கியதும் கால்கள் நேரே மணலுக்குத்தான் போகும். சாலையோரம் வரிசையாக நிற்கும் சிலைகளைக் காருக்குள்ளிருந்து பார்த்ததோடு சரி. வாரம் தவறாமல் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போய் ஆத்திசூடியும் குறளும் படிக்கவைத்த பெற்றோர், ஔவையையும் வள்ளுவரையும் நேரில் கண்டும் நிற்காமல் போவது எனக்குப் பெரிய மனத்தாங்கல். இந்த முறை இரண்டு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். நகரத்தின் முக்கியமான இடங்கள் முக்கால்வாசி இந்த வழியிலேயே வந்துவிடும்.

முதலில் வெளிச்சக் கணக்கு. கடற்கரைச் சிலைகள் கடலுக்கு முதுகு காட்டி, சாலையைப் பார்த்து, அதாவது மேற்கு நோக்கி நிற்கின்றன. காலையில் போனால் சூரியன் அவற்றின் பின்னால் இருக்கும். முகம் கறுத்து, படம் எடுத்தால் நிழலுருதான் கிடைக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து முகத்தில் விழும்போதுதான் செதுக்கிய கோடுகளெல்லாம் தெரியும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த நடைக்கு ஏற்ற காலம். மே மாதம் பெரியவர்களை அழைத்துக்கொண்டு இதைச் செய்யவே வேண்டாம்.

ஆகவே முதல் நாள் காலையை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். 1851-ல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. எல்லாக் கூடத்தையும் பார்க்க நினைத்தால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரையும், அமராவதிப் பளிங்குச் சிற்பங்களையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் போதும். எழும்பூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. உள்ளே போக அனுமதி வேண்டும். வாசலைப் பார்த்தாலும் போதும். நீங்கள் பார்க்கப்போகும் பாதையின் இரு முனைகளும் இந்தக் கல்லூரியிலிருந்து புறப்பட்டவைதான்.

மாலையில் பறக்கும் ரயிலில் (மேம்பாலத்தில் ஓடும் எம்.ஆர்.டி.எஸ். ரயில்) சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கி, கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றிக் கடற்கரைக்கு நடந்து வாருங்கள். முதல் நிறுத்தம் வடக்கே உழைப்பாளர் சிலை. இதற்கு மட்டும் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். கவின் கலைக் கல்லூரிக்கு முதல்வராக வந்த முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வங்காளத்துக்காரர். அவர் வடித்த இந்தச் சிலை 1959 ஜனவரியில் இங்கே நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். சாலையைக் கடந்து கிட்டே போய், பக்கவாட்டில் நின்று பாருங்கள். முகத்தைவிட முதுகுதான் பேசும். விலா எலும்பு வரி வரியாகத் தெரிய, தொடை நரம்பு முறுக்கேறி, நான்கு உடம்பின் பாரமும் ஒரே பக்கம் சாய்கிறது. ராய் சௌத்ரி மல்யுத்தம் பழகியவர். உடம்பு எங்கே இறுகும், எங்கே தளரும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த பாடமல்ல. 1923 மே முதல் நாள் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களைத் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் நடத்தியது இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு அடுத்த சிலைக்கு நகருங்கள்.

அங்கிருந்து தெற்கே கலங்கரை விளக்கம் வரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். நடைபாதை சமதளம், ஆனாலும் சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் சில இடங்களில் தூக்கவேண்டி வரும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை இந்தச் சாலையில் நடப்பதால் தடுப்புகளும் மாற்றுப் பாதையும் இருக்கலாம். ஒரு கண் சாலையின் மறுபுறமும் இருக்கட்டும். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசம் கட்டிய செனட் மாளிகை, மாநிலக் கல்லூரி, ஒருகாலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைத்த விவேகானந்தர் இல்லம் எல்லாம் சிலைகளுக்கு எதிரேயே வருகின்றன. மாநிலக் கல்லூரி வளாகத்தில் உ.வே.சா. மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறார்.

1968-ல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வைத்த சிலைகள்தான் இந்த வரிசையின் உயிர். வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், கண்ணகி, கூடவே வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப். ஓர் அரசு தன் மொழிக்காரர்களோடு மூன்று ஐரோப்பியர்களையும் சரிசமமாக நிறுத்தியது என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தரும் செய்தி. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த மூவரிடம் நின்று கதை சொல்லுங்கள். கனடாவிலிருந்து வந்திருந்தால் போப்பிடம் முதலில் போங்கள்: அவர் 1820-ல் பிறந்தது கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1886-ல் வெளியிட்டவர், ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்து அங்கேயே அடக்கமானார். இங்கிலாந்துக்காரர்கள் ஊர் திரும்பியபின் அந்தக் கல்லறைக்கும் ஒருமுறை போய்வரலாம். கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் எழுதினார். வீரமாமுனிவர் இத்தாலிக்காரர், தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர். தமிழ் தனக்குப் பக்கத்து வீட்டு மொழி இல்லையே என்று தயங்கும் பிள்ளைக்கு இவர்களைவிட நல்ல துணை கிடையாது. பீடத்தில் உள்ள எழுத்தைப் பிள்ளையே வாய்விட்டுப் படிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

கண்ணகி ஒற்றைச் சிலம்பை உயர்த்திப் பிடித்து நிற்கிறாள். 2001 டிசம்பரில் இந்தச் சிலையை இங்கிருந்து அகற்றினார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2006-ல் திரும்பவும் நிறுவினார்கள். பொது இடத்துச் சிலை ஒன்றுக்காக ஊர் இவ்வளவு தூரம் கோபப்படும் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கை இன்னும் வேகமாகத் தெரியும்.

தெற்கே, ராதாகிருஷ்ணன் சாலை கடற்கரையைத் தொடும் இடத்தில் கோலூன்றி நடக்கும் காந்தி. அதுவும் ராய் சௌத்ரியின் கைவேலைதான். பொழுது மிச்சமிருந்தால் கலங்கரை விளக்கத்தில் ஏறலாம்; உள்ளே லிஃப்ட் இருக்கிறது, திங்கட்கிழமை மூடியிருக்கும், மாலையில் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள். மேலே செல்லவேண்டுமென்றால் அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வது நல்லது. ட்ரோன் ஆசை இருந்தால் மறந்துவிடுங்கள்: 2022 முதல் இந்தியாவுக்குள் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. கடற்கரைச் சாலையில் காவல்துறைத் தலைமையகமும் அருகே கடற்படைத் தளமும் இருக்கின்றன. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவேண்டாம்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள். பறக்கும் ரயிலில் இந்திரா நகர் நிலையம். நிலையத்தின் வெளிச்சுவர் முழுக்கப் பெரும் பெரும் முகங்கள். ஏ-கில், கத்ரா என்ற ஓவியர்கள் எச்.ஐ.வி. பற்றிய ஒதுக்கலுக்கு எதிராக வரைந்தது. தொற்று உள்ளவர் முகமும் இல்லாதவர் முகமும் கலந்தே இருக்கின்றன. யார் எவர் என்று உங்களால் சொல்ல முடியாது. ஓவியத்தின் செய்தியே அதுதான். நிலையத்தை விட்டு வெளியே வந்து, எதிர்ப்புறம் தள்ளி நின்று பார்த்தால்தான் முழுதாகக் கண்ணில் அடங்கும்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) வழியாகத் துரைப்பாக்கம், கண்ணகி நகர். ஏறும்முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள், அல்லது ஆப்பில் பதிவு செய்யுங்கள். சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். நகரின் நடுவே, ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களை 2000 முதல் அகற்றிக் கொண்டுவந்து குடியமர்த்திய அடுக்குமாடிகள் இவை. வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2020-ல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெரு ஓவிய அமைப்பு, மாநகராட்சியோடும் ஏசியன் பெயின்ட்ஸோடும் சேர்ந்து இந்தக் கட்டடங்களின் சுவர்களில் ஓவியர்களை வரையவைத்தது. மாடி உயரத்துக்குச் சிரிக்கும் பிள்ளைகள், பெண்கள். வெயிலிலும் மழையிலும் சில சுவர்கள் வெளுத்திருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இது கண்காட்சிக் கூடமல்ல, மக்கள் குடியிருக்கும் தெரு. ஓவியத்துக்குக் கீழே துணி காயும், தண்ணீர்க் குடம் இருக்கும், யாராவது தலை வாரிக்கொண்டிருப்பார்கள். “அக்கா, இந்தச் சுவரை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டால் போதும், பெரும்பாலும் அவர்களே நல்ல கோணம் காட்டுவார்கள். மனிதர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் காசு, மிட்டாய் நீட்டாதீர்கள். டீயும் பஜ்ஜியும் அங்கேயே சாப்பிடுங்கள். வறுமையைப் பேசிக்கொண்டு நடக்கவும் வேண்டாம்: 2025-ல் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இந்த ஊர்ப் பெண் ஒருத்தி ஆடினாள்.

சோழிங்கநல்லூர் போய் அக்கரை வழியாகத் திரும்பினால் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஈஞ்சம்பாக்கம். அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம். ராய் சௌத்ரியின் மாணவர் கே.சி.எஸ். பணிக்கர், அவருக்குப் பின் அதே எழும்பூர்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966-ல் தன் மாணவர்களோடு சேர்ந்து உண்டாக்கிய இடம். பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்றுக் கிடைத்த பணத்தில் ஓவியர்கள் தாங்களே நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். மரநிழலில் திறந்தவெளிச் சிற்பங்கள், உள்ளே சென்னை ஓவிய இயக்கத்தின் அருங்காட்சியகம். முதல் நாள் பார்த்த உழைப்பாளர்களின் உடம்பையும் இங்குள்ள வளைந்த உலோகத் தகடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே கல்லூரி ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு தூரம் வந்தது என்று பிள்ளைகளுக்கே தெரியும். மதிய உணவை முடித்துக்கொண்டு அதே சாலையில் தெற்கே போனால் மாமல்லபுரம், ஒரு மணி நேரத்துக்குள். அங்கே அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. அதனால் அதற்கு மட்டும் காலை வெயில் வேண்டும்; இரவு அங்கே தங்கி மறுநாள் விடிந்ததும் பாருங்கள்.