உயிருள்ள பாக்டீரியாவால் ஆல்கஹால் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் பயோடெக் புராஜெக்டுக்காக ஆல்கஹால் அளக்கும் சென்சாரைச் செய்பவர்களுக்குக் குளுக்கனோபாக்டர் ஆக்சிடான்ஸ் என்ற பாக்டீரியா நல்ல தேர்வு. எத்தனாலை மாற்றும் நொதி அதன் செல் சவ்விலேயே இருக்கிறது. எத்தனால் அசிட்டிக் அமிலமாகும்போது ஆக்சிஜன் செலவாகும். செல்களுக்கு அடியில் உள்ள, ஆக்சிஜனை அளக்கும் க்ளார்க் எலெக்ட்ரோடு அந்தக் குறைவை மின்னோட்டத்தில் காட்டும்.

முதலில் காலை வாருவது ஜெல். செல்களைக் கால்சியம் அல்ஜினேட் ஜெல்லில் பிடித்துவைத்துவிட்டு, பழக்கத்தில் பாஸ்பேட் பஃபரை (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) ஊற்றிவிடுகிறார்கள். பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஜெல் இளகும், செல்கள் கழன்று போகும், பஃபர் லேசாகக் கலங்கும், சிக்னல் இறங்கிக்கொண்டே போகும். பாஸ்பேட்தான் வேண்டுமென்றால் அல்ஜினேட்டை விட்டுவிட்டு, செல்களை டயாலிசிஸ் சவ்வுக்கு அடியில் வைத்து ஓ-ரிங்கால் இறுக்குங்கள். கால்சியத்தைப் பிடுங்கும் ஈடிடிஏவும் ஆகாது. நொதிக்கே கால்சியம் தேவை.

அடுத்தது அளவு. 25 டிகிரியில் நீரில் கரையும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் லிட்டருக்கு 8.26 மில்லிகிராம். சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் 7.4 அளவுதான், அதாவது 0.23 மில்லிமோலார். புத்தக அட்டவணையை அப்படியே போட்டால் கணக்கு பத்து சதவீதம் பிசகும். ஒரு எத்தனால் மூலக்கூறுக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு செலவாகும். 12 சதவீத ஒயினில் எத்தனால் ஏறத்தாழ 2 மோலார். அதில் 10 மைக்ரோலிட்டரை நேராக 10 மில்லி பஃபரில் விட்டால் 2 மில்லிமோலார் ஆகிவிடும். செல் படலத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, எவ்வளவு சேர்த்தாலும் ஒரே அளவு காட்டும். ஒயினை முதலில் 20 மடங்கு நீர்க்கச் செய்து 0.1 மோலாராக்கி, அதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் விடுங்கள். பஃபரில் 0.1 மில்லிமோலார் கிடைக்கும்.

ஸ்டாண்டர்டும் (ஒப்பிடுவதற்கான, அளவு தெரிந்த கரைசல்) நீர்த்த ஒயினைப் போல அதே 0.1 மோலாராக இருக்கட்டும்: 100 மில்லி குடுவையில் முக்கால் பங்கு நீர் ஊற்றி, 0.584 மில்லி தூய எத்தனாலை நீர்மட்டத்துக்குக் கீழே விட்டு, நீரால் 100 மில்லிக்கு நிரப்புங்கள். பிப்பெட் முனையை இரண்டு மூன்று முறை எத்தனாலில் நனைத்துக்கொள்ளாவிட்டால் சொட்டிவிடும்.

பெரிய ஏமாற்று சர்க்கரையால் வருகிறது. இந்த பாக்டீரியா குளுக்கோஸையும் விடாமல் ஆக்சிஜனேற்றும். பெங்களூர் நீலத் திராட்சை ஒயினில் இனிப்பு மிச்சமிருந்தால் அதுவும் ஆல்கஹாலாகவே கணக்கில் சேரும். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. சாம்பிளில் ஒரு பங்கை ஆல்கஹால் போகும்வரை சூடாக்கி, நீரால் பழைய அளவுக்குக் கொண்டுவந்து அதையும் அளந்து, கழித்துவிடுங்கள். இந்தச் சோதனை இல்லாத எந்த முடிவையும் நம்ப வேண்டாம்.

சோதனை மேசையை 70 சதவீத எத்தனாலால் துடைத்த கையோடு அளக்காதீர்கள். பஃபர் கெடாமலிருக்க சோடியம் அசைடு சேர்த்தால் செல்லின் சுவாசமே தடைபடும். புதிதாக வளர்த்த செல்கள் சேமித்த உணவைத் தின்றுகொண்டே இருப்பதால் அடிக்கோடு (எத்தனால் விடுவதற்கு முன் காட்டும் மின்னோட்டம்) ஆடும். நன்றாகக் கழுவி, பஃபரில் பட்டினி போட்டு, கோடு நிலைத்தபின் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் எலெக்ட்ரோடை ஈரமாகவே 4 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.