‘தி வீல் ஆஃப் டைம்’: விடவும் மனமில்லை, தொடரவும் தெம்பில்லை என்றால்

ராபர்ட் ஜோர்டானின் இந்த 14 பாக மாயக்கற்பனை நாவல் தொடர் பிடித்தும் பிடிக்காமலும் இழுத்தடிக்கிறதா? முதலில் எரிச்சல் எதில் என்று பிரித்துப் பாருங்கள். நடையிலா, வேகத்திலா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நடை என்றால், அது மாறப்போவதில்லை. முக்கியப் பெண் பாத்திரங்களில் ஒருத்தியான நைனீவ் பின்னலைப் பிடித்து இழுப்பாள், பெண்கள் பாவாடையை நீவிவிடுவார்கள், எதிர்ப்பாலைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று இரு தரப்பும் மாறி மாறி அலுத்துக்கொள்ளும். ஜோர்டான் எழுதிய பாகங்கள் முழுக்க இப்படித்தான். ஆனால் முதல் பாகத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். அது பழைய பாணிப் பயணக் கதையின் சாயலை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டது. நான்காம் பாகம் (1992) வரை போங்கள். பாலை நிலத்தில் வாழும் போர்வீரர் இனமான ஐயல் மக்களின் வரலாறு தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கி விரியும் அத்தியாயங்கள் அதில்தான் இருக்கின்றன. அவையும் உங்களைத் தொடவில்லையென்றால் தயங்காமல் நிறுத்திவிடலாம்.

வேகம்தான் சிக்கல் என்றால், அநேகமாக நீங்கள் 8 முதல் 10 வரையிலான பாகங்களில் (1998, 2000, 2003) நிற்கிறீர்கள். ஒன்பதாம் பாகம் பெரிய சம்பவம் ஒன்றோடு முடிகிறது. பத்தாம் பாகத்தின் பெரும்பகுதியோ, அதே நாட்களில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று திரும்பிப்போய்க் காட்டுகிறது. அதனால்தான் எவ்வளவு படித்தாலும் கதை நகராத உணர்வு.

இங்கே அத்தியாயத் தலைப்பில் இருக்கும் சின்னங்கள் கைகொடுக்கும். நாயகர்களில் இருவரான மாட், பெரின் ஆகியோரின் அத்தியாயங்களை இவை காட்டிக்கொடுக்கும்: பகடை பெரும்பாலும் மாட், ஓநாய் பெரின். பத்தாம் பாகத்தில் மாட் வருவதை முழுசாகப் படியுங்கள். பெரினின் முகாம் காட்சிகளுக்குத் தொடக்கமும் கடைசி இரண்டு பக்கமும் போதும். பாகத்தையே தாண்டிவிடாதீர்கள்: மாட்டுக்கும் டுவான் என்ற பெண்ணுக்கும் உள்ள உறவின் வேர் அங்கே இருக்கிறது, கடைசி அத்தியாயம் இல்லாமல் 11ஆம் பாகத்தில் இன்னொரு முக்கியப் பாத்திரமான எக்வீனின் கதை புரியாது. பிடித்த பாத்திரத்துக்காகவே படிப்பவர்களுக்கு முன்னெச்சரிக்கை: 5இல் பெரின் இல்லை, 8இல் மாட் இல்லை.

பெயர்கள் குழம்பினால் புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்விளக்கப் பட்டியலைப் பாருங்கள். எல்லாப் பெயரும் அதில் இருக்காது. ஆனால் இணையத்தில் தேடினால், யார் சாகிறார்கள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

முன்கதை நாவலில் (2004) தொடங்காதீர்கள். பத்தாம் பாகத்தின் களைப்புக்குப் பிறகு அது நல்ல இளைப்பாறல். வெளிவந்த வரிசையும் அதுதான். 11ஆம் பாகம் (2005) பழைய வேகத்தை மீட்கிறது.

ஜோர்டான் 2007இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் எழுதி முடித்த பகுதிகளையும் வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை (2009, 2010, 2013) முடித்தார். வர்ணனை குறைகிறது, கதை ஓடுகிறது. 12இல் மாட்டின் நக்கல் மட்டும் கொஞ்சம் ஒட்டாது, 13இல் தேறிவிடுகிறது. 14ஆம் பாகத்தில் போரைச் சொல்லும் ஒரே அத்தியாயம் கிட்டத்தட்ட 200 பக்கம். தூங்கப்போகும் நேரத்தில் அதைத் தொடங்காதீர்கள்.