ஆய்வுக் கட்டுரைக்குப் பணம் கட்டும் முன் நூலகத்தைக் கேளுங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வு செய்யும் பிள்ளைகள் நேரே கூகுளில் தேடி, டாலரில் விலை கேட்கும் பக்கம் வந்ததும் சோர்ந்துபோய் மூடிவிடுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். அந்தக் கட்டுரை வந்த ஆய்விதழுக்கு அவர்கள் நூலகமே ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம்.

அதனால் முதலில் உங்கள் நூலகத்தின் இணையப் பக்கத்துக்குப் போங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்காக 2025 ஜனவரியில், ஒன்றிய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் உண்டு. உதவி பெறும் கல்லூரியில் படிக்கிறீர்களா? கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் (N-LIST) திட்டத்தில் கணக்கு வேண்டும் என்று நூலகரிடம் கேளுங்கள். வளாக வைஃபையில் பல இதழ்கள் தானாகவே திறக்கும். வீட்டிலிருந்து படிக்கத் தனி உள்நுழைவு தேவை, அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் சோத்கங்கா. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலகங்களுக்கான மையம் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம் அது. காசு கிடையாது, யாரும் படிக்கலாம். கன்னடியன் கால்வாய்ப் பாசனம் பற்றி எழுத வந்த ஒரு பெண்ணை இங்கேதான் தொடங்கச் சொன்னேன். தலைப்பு ஒத்துவரும் ஆய்வேட்டைத் திறந்ததும் முதல் இயலுக்குப் போகவேண்டாம், கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியலைத் திறங்கள். முன்னால் போனவர் வருஷக்கணக்கில் தேடிச் சேர்த்தது மொத்தமும் அங்கே இருக்கும். தலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நூலகப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

நம் வட்டாரத்தைப் பற்றித் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் நின்றுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் தாமிரபரணியைத் தாம்ரபர்ணி என்றும் தம்ரபரணி என்றும் பல மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்து நூல் வேண்டுமானால் திருநெல்வேலியை டின்னவெலி (Tinnevelly) என்றுதான் தேடவேண்டும். கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட மாவட்ட வரலாறும், எச். ஆர். பேட் தொகுத்த 1917-ஆம் ஆண்டு கெஸட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு) அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. உரிமைக்காலம் முடிந்த இப்படிப்பட்ட நூல்களை ஆர்க்கைவ் (archive.org) தளத்தில் தேடுங்கள். பழைய தமிழ் நூல்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

கிடைத்ததை அன்றைக்கே ஒழுங்காகச் சேமியுங்கள். கோப்புக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் வையுங்கள். ஜொடேரோ என்ற இலவச மென்பொருள் இருந்தால் மேற்கோள் குறிப்புகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் அகப்படவில்லையா? சரி, வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று நூலகரைக் கேளுங்கள். பெரும்பாலான கட்டுரைகளின் முதல் பக்கத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். நீங்கள் யார், எதற்காக வேண்டும் என்று நாலு வரி மரியாதையாக எழுதுங்கள். தன் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்றால் பலர் சந்தோஷமாக அனுப்பிவைப்பார்கள்.