பண்டிகை லீவுக்கு முந்தின ரெண்டு வாரம் கிளாஸை எப்படி ஓட்டறது

லீவு தேதி பசங்க காதுல விழுந்த நிமிஷத்துலேர்ந்து கிளாஸ் வேற கிளாஸ் ஆயிடும். நேத்து வரைக்கும் அழகா உக்காந்து எழுதின பையன் இன்னைக்கு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்திரிப்பான், ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு ரெண்டு பேர் அடிச்சுக்குவாங்க, "இன்னும் எத்தனை நாள் டீச்சர்"ங்கற கேள்வி ஒரு நாளைக்கு இருபது தடவை வரும். ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் எந்த கிளாஸ் எடுத்தாலும் இதான் கதை. புதுசா வேலைக்கு சேந்த டீச்சருங்க நிறைய பேர் இந்த நேரத்துல பயந்துட்டு ஒண்ணு ரொம்ப கண்டிப்பா மாறிடறாங்க, இல்லன்னா "சரி விடு, இனிமே பாடம் ஏறாது"ன்னு முழுசா அவுத்து விட்டுடறாங்க. ரெண்டுமே வேணாம்.

நான் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணுதான், நாளோட வரிசைய மாத்தாதீங்க, உள்ள இருக்கறத மட்டும் மாத்துங்க. காலைல வந்ததும் பையை எங்க வைக்கணும், அட்டெண்டன்ஸ் எப்போ, படிக்கற நேரம் எப்போ, கணக்கு எப்போ, இது எல்லாம் கடைசி நாள் வரைக்கும் அப்படியே இருக்கட்டும். வீட்ல ஏற்கனவே எல்லாம் மாறிப் போயிருக்கும், விருந்தாளி வருவாங்க, ஷாப்பிங் போவாங்க, தூங்கற நேரம் தள்ளிப் போகும். ஆறு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9லேர்ந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும்னு தூக்க மருத்துவம் பாக்கற டாக்டருங்க சொல்றாங்க, பண்டிகை சமயத்துல அது பாதி வீட்ல கிடைக்கிறதில்ல. அப்படி அரைத்தூக்கத்துல வர்ற குழந்தைக்கு அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்ச இடம் கிளாஸ் மட்டும்தான்.

நிறைய பேர் ஸ்வீட் சாப்பிட்டுத்தான் பசங்க ஆடறாங்கன்னு நினைக்கறாங்க, நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைச்சேன். 1995ல ஜாமாங்கற மருத்துவ இதழ்ல அதுவரைக்கும் நடந்த 23 சோதனைகள சேத்து வச்சுப் பாத்து, சர்க்கரைக்கும் குழந்தைங்க நடத்தைக்கும் அப்படி தொடர்பு தெரியலன்னு போட்டாங்க. அதனால ஸ்வீட்டை திட்டறத விட்டுட்டு தூக்கம், சத்தம், காத்திருக்கற நேரம் இந்த மூணையும் கவனிங்க. முக்கியமா காத்திருக்கற நேரம், வரிசைல சும்மா நிக்கற அஞ்சு நிமிஷத்துலதான் பாதி சண்டை ஆரம்பிக்குது.

"எத்தனை நாள்" கேள்விக்கு ஒரு வழி இருக்கு. ஏ4 தாள் 29.7 சென்டிமீட்டர் நீளம், அதை குறுக்கால 3 சென்டிமீட்டர் அகலத்துல வெட்டினா ஒரு தாள்ல ஒன்பது பட்டை வரும், ஒவ்வொண்ணும் 21 சென்டிமீட்டர். பட்டை ஒவ்வொண்ணுலயும் உள்பக்கம் ஒரு சின்ன வேலை எழுதி, வளையமா ஒட்டி சங்கிலி பண்ணி மாட்டிடுங்க, எத்தனை பள்ளி நாள் பாக்கியோ அத்தனை வளையம். தினமும் காலைல ஒரு குழந்தை ஒரு வளையத்தை கிழிச்சு படிக்கணும். "இன்னைக்கு நீ இதுவரைக்கும் பேசாத ஒருத்தர் பக்கத்துல உக்காரு", "லைப்ரரி அலமாரிய அடுக்கு", "கதை நேரம் பத்து நிமிஷம் கூட" இப்படி. அதுக்கப்புறம் யாராவது எத்தனை நாள்னு கேட்டா சங்கிலிய கைகாட்டினா போதும், எண்ணிப் பாத்துக்குவாங்க.

பாடம் நடத்த முடியாதுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, பண்டிகையையே பாடமா எடுங்க. நாலாவது அஞ்சாவதுக்கு எனக்குப் பிடிச்ச கணக்கு இது, கிளாஸ்ல 30 பேர், ஒவ்வொருத்தரும் மத்த எல்லாருக்கும் ஒரு வாழ்த்து அட்டை குடுத்தா மொத்தம் எத்தனை அட்டை? பசங்க முதல்ல 30, அப்புறம் 60, அப்புறம் 900ம்பாங்க. "உனக்கு நீயே குடுத்துக்குவியா"ன்னு கேட்டா ஒருத்தன் கண்ணு விரியும் பாருங்க, 30ஐ 29ஆல பெருக்கினா 870. அப்புறம் ஒரு அட்டைக்கு ஒரு தாள்னா 500 தாள் கட்டு எத்தனை வாங்கணும், எத்தனை மிச்சம், அதுக்கு பதிலா எல்லாரும் கை குலுக்கினா எத்தனை குலுக்கல் (435, ஏன் பாதின்னு அவங்களே சொல்லட்டும்), ஒரு பீரியட் பறந்துடும். சின்ன கிளாஸுக்கு காகிதப் பூ போதும், வட்டமா வெட்டின மெல்லிசு தாளை ரெண்டா மடிச்சு, அந்த அரைவட்டத்தை மூணா மடிச்சா ஒவ்வொரு மடிப்பும் 60 டிகிரி, ஓரத்தை வெட்டி விரிச்சா ஆறு இதழ். சார்ட் பேப்பர்ல பண்ணாதீங்க, ஆறு மடிப்ப சின்னக் கத்தரிக்கோல் வெட்டாது, குழந்தை அழுதுடும்.

ஜிகினாத் தூள் வேணாம், கண்ணுல படும், மாசக்கணக்கா தரையிலேர்ந்து போகாது, பிளாஸ்டிக் வேற. அலங்காரத் தோரணத்த வாசக்கதவு மேலயும் லைட் பக்கத்துலயும் மாட்டாதீங்க. பலூன் பத்தி மட்டும் அழுத்தி சொல்றேன், எட்டு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்களுக்கு ஊதாத பலூனும் உடைஞ்ச துண்டும் மூச்சுக்குழாயை அடைச்சிடற அபாயம் இருக்கு. சின்ன கிளாஸ்ல பலூனே கட்டாம விட்டுடலாம், கட்டினா உடைஞ்ச துண்டை அந்த நிமிஷமே பொறுக்கிடுங்க.

பரிசு மாத்திக்கறது பல ஸ்கூல்ல நடக்குது. காசு குடுத்து வாங்கற பரிசுன்னா ஒருத்தன் பெருசா கொண்டு வருவான், ஒருத்தி ஒண்ணுமே கொண்டு வர முடியாம அன்னைக்கு லீவு போட்டுடுவா. நான் வாங்கற பரிசை நிறுத்தியே விட்டுட்டேன். பேரை எழுதின சீட்டுகளை குலுக்கி வரிசையா வச்சிடுவேன், முதல் பேர் ரெண்டாவது பேருக்கு, ரெண்டாவது மூணாவதுக்கு, கடைசி பேர் முதல் பேருக்கு, இப்படி பண்ணா யாருக்கும் சொந்தப் பேரே வராது, திரும்ப திரும்ப சீட்டு எடுக்கற தொல்லை இல்ல. அந்தப் பேருக்கு உரியவங்கள ஒரு வாரம் கவனிச்சுட்டு, அவங்க செஞ்ச ஒரு நல்ல விஷயத்தை அட்டைல எழுதணும். "நீ நல்லவள்"னு எழுதக்கூடாது, என்ன பண்ணாங்கன்னு எழுதணும். "கீழ விழுந்த என் பென்சிலை எடுத்து சீவியும் குடுத்தான்"னு ஒரு ரெண்டாங்கிளாஸ் குழந்தை எழுதினது எனக்கு இன்னும் மறக்கல. உங்களுக்கு பரிசு கொண்டு வர வேணாம்னு வீட்டுக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பிடுங்க.

ப்ரோக்ராம் இருந்தா ஒத்திகைய காலை நேரத்துல வைங்க, மதியம் வச்சா எல்லாரும் சோந்து போய் கத்துவீங்க. மேடை ஏற பயப்படற குழந்தைய இழுக்காதீங்க, திரை இழுக்கறது, அடுத்த குழுவ கூப்பிடறதுன்னு நிஜமான வேலை குடுங்க.

பார்ட்டி கடைசி நாள் கடைசி ரெண்டு பீரியட்தான், அதுக்கு முன்னாடி இல்ல. சாப்பிடற ஐட்டம் இருந்தா ஒரு வாரம் முன்னாடியே எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்காதுன்னு பெற்றோர்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க, என்ன சேத்திருக்குன்னு பாக்கெட் மேல போட்டிருக்கறத மட்டும் அனுமதிங்க. கடைசி நாள்ல எல்லா நோட்டு, படம், தண்ணி பாட்டில் எல்லாத்தையும் ஒரே பைல திணிச்சு அனுப்பாதீங்க, நாலு நாளா கொஞ்சம் கொஞ்சமா அனுப்புங்க.

இப்போ நான் ரொம்ப சொல்ல நினைச்ச விஷயம். லீவு எல்லா குழந்தைக்கும் சந்தோஷம் இல்ல. ஒரு வருஷம் கடைசி நாள் பெல் அடிச்சு எல்லாரும் ஓடினப்புறம் ஒரு பொண்ணு மட்டும் புத்தக அலமாரிய மெதுவா அடுக்கிட்டே இருந்தா, ஏற்கனவே அடுக்கின புத்தகத்தையே எடுத்து எடுத்து அடுக்கினா. கேட்டப்போ "வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க டீச்சர்"னு மட்டும் சொன்னா. அந்த ரெண்டு வாரமா அவ சாப்பாட்ட மிச்சம் வச்சதும், வயித்த வலின்னு சொன்னதும் அப்போதான் எனக்கு சேந்து புரிஞ்சுது. வீட்ல சமீபத்துல யாராவது இறந்திருக்கலாம், அப்பா அம்மா பிரிஞ்சிருக்கலாம், பண்டிகையே கொண்டாடாத குடும்பமா இருக்கலாம், ஸ்கூல்ல கிடைக்கற சாப்பாடுதான் ஒழுங்கான சாப்பாடா இருக்கலாம். அதனால லீவு நெருங்கும்போது அமைதியாயிட்ட குழந்தை யாரு, திடீர்னு முரடான குழந்தை யாருன்னு பேர் எழுதி வச்சுக்கோங்க. தனியா கூப்பிட்டு "லீவுல பகல்ல யார்கூட இருப்ப"ன்னு சாதாரணமா கேளுங்க, பதில் சரியா படலன்னா ஹெட்மாஸ்டர்கிட்டயோ கவுன்சிலர்கிட்டயோ லீவுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, லீவு விட்டப்புறம் யாரும் கைக்கு சிக்க மாட்டாங்க. ரெண்டு கதை புத்தகம் குடுத்து "லீவு முடிஞ்சு வரும்போது எது பிடிச்சுதுன்னு எனக்கு சொல்லணும்"னு அனுப்புங்க, திரும்பி வர ஒரு காரணம் கைல இருக்கும்.

அதே காரணத்துக்காகத்தான் லீவு முடிஞ்சு வந்ததும் "எங்க போனீங்க, என்ன வாங்கினீங்க"ன்னு கட்டுரை எழுத சொல்லாதீங்கன்றேன். "லீவுல கேட்ட ஒரு சத்தம்", "புதுசா பாத்த ஒரு பூச்சி", "நீயா செஞ்ச ஒரு வேலை"ன்னு குடுங்க, எங்கயும் போகாத குழந்தையும் எழுதும். முதல் மூணு நாள் டெஸ்ட் வைக்காம பை எங்க, வரிசை எப்படின்னு வருஷத்து முதல் நாள் மாதிரியே திரும்ப சொல்லிக் குடுங்க. அலமாரி அடுக்கின அந்தப் பொண்ணு பூச்சி பத்தி எழுதினா, ஒன்றரை பக்கம், ஜன்னல்ல தினமும் வந்த ஒரே எறும்பு வரிசைய பத்தி.