நிட்வேர் படிக்கத் தொடங்குபவர்களுக்கு: முதலில் ஸ்வாட்ச், அப்புறம் ஸ்கெட்ச்

ஃபேஷன் டிசைன் படிக்க வருகிற எல்லோருக்கும் கை முதலில் போவது பென்சிலுக்குத்தான். நெய்த துணியில் வேலை செய்கிறவர்களுக்கு அது ஒத்துவரும். வரைந்ததற்கு ஏற்ற துணியைத் தேடி எடுத்து, வெட்டித் தைத்துவிடலாம். நூலைப் பின்னிச் செய்யும் உடைகளான நிட்வேரில் அந்தத் துணியே இன்னும் பிறக்கவில்லை. நூலிலிருந்து அதை நாம்தான் செய்ய வேண்டும். துணி வளர வளர உடையின் வடிவமும் கூடவே வளர்கிறது. நான் இந்தப் பிரிவில் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். புதிதாகச் சேரும் ஜூனியர்கள் வந்து கேட்பது பெரும்பாலும் "எதிலிருந்து ஆரம்பிக்கணும்?" என்பதுதான். ஸ்வாட்சிலிருந்து, அதாவது சோதனைக்காகப் பின்னும் சின்னத் துணித்துண்டிலிருந்து, ஆரம்பியுங்கள் என்றே எல்லோருக்கும் சொல்கிறேன். உள்ளங்கை அளவு துணி என்ன செய்கிறது என்று தெரியாமல் ஒரு ஸ்வெட்டரை வரைவதில் பயனில்லை.

பின்னல் மெஷினில் உட்கார்ந்ததும், ஊசிகளின் மேல் இங்குமங்கும் ஓடும் கேரேஜைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரே ஒரு ஊசியைக் கையால் நகர்த்திப் பாருங்கள். முனையில் ஒரு கொக்கி, அதற்குக் கீழே திறந்து மூடும் சின்ன நாக்கு, தண்டில் ஒரு புடைப்பு. ஊசியை முன்னால் தள்ளினால், கொக்கியில் இருந்த பழைய கண்ணி (நூல் வளையம்) நாக்கைத் திறந்துகொண்டு அதன் பின்பக்கம் போய்விடும். இப்போது கொக்கியில் நூலை வைத்து ஊசியை மெதுவாகப் பின்னால் இழுங்கள். பழைய கண்ணி நாக்கை மூடிக்கொண்டே ஏறி, ஊசியை விட்டு நழுவும். அதற்குள்ளிருந்து புது நூல் வெளியே வந்து அடுத்த கண்ணியாக நிற்கும். கேரேஜுக்குள் இருக்கும் கேம் என்ற உலோகத் தடம், தண்டிலுள்ள அந்தப் புடைப்பைத் தள்ளி, இதையே வரிசையில் உள்ள எல்லா ஊசிகளுக்கும் செய்கிறது. அவ்வளவுதான் மெஷின். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரம் ஒன்றை உருவாக்கியபோது, அவருடைய ஊசிக்கு இந்த நாக்கு கிடையாது; அது 19ஆம் நூற்றாண்டில் வந்தது. பழைய கண்ணிக்குள்ளிருந்து புதிய கண்ணியை இழுக்கிற அடிப்படை மட்டும் இன்றுவரை மாறவில்லை.

இதைக் கையால் செய்து பார்த்தவருக்குக் கண்ணி விழுந்தால் பதற்றம் வராது, காரணம் தேடத் தெரியும். ஓரத்தில் மட்டும் விழுகிறதா? துணியைக் கீழே இழுத்துப் பிடிக்கும் எடைக் கொக்கியை மேலே ஏற்றி மாட்டுங்கள். நடுவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறதா? அந்த ஊசியின் நாக்கு வளைந்திருக்கும், ஊசியை மாற்றுங்கள். திரும்பும் இடத்தில் நூல் வளையமாகத் தொங்குகிறதா? மேலே நூல் டென்ஷன் தளர்ந்திருக்கிறது.

அடுத்து ஒரு பயிற்சி. இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரே நூல், ஒரே டென்ஷன் எண் (கேரேஜில் கண்ணியின் அளவை வைக்கும் எண்), 60 ஊசி, 80 வரிசை என்று வைத்துக்கொண்டு மூன்று ஸ்வாட்ச் போடுங்கள். முதலாவது சாதாரண நிட். இரண்டாவதில் ஒன்றுவிட்டு ஒரு ஊசி டக். அதாவது ஊசி பாதி தூரம்தான் வரும். பழைய கண்ணியை விடாமலேயே புது நூலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஊசியில் அடுத்தடுத்து நிறைய டக் வைத்தால் நூல் அறுந்துவிடும், அதனால் இடையிடையே ஒரு வரிசை சாதாரணமாகப் பின்னுங்கள். மூன்றாவதில் அதே இடங்களில் மிஸ்: ஊசி அசையாமல் நிற்க, நூல் பின்பக்கமாக மிதந்து போகும். மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டக் போட்டது அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். மிஸ் போட்டது குறுகியிருக்கும், இழுத்தால் அதிகம் நீளாது. நூலும் ஊசி எண்ணிக்கையும் மாறவே இல்லை, ஆனால் கையில் மூன்று வேறு துணி. இடுப்பு ஒடுங்க வேண்டும் என்றால் கண்ணியைக் குறைப்பது மட்டும் வழியல்ல, பின்னலையே மாற்றலாம் என்பது இங்கேதான் புரியும். இதற்கு அப்புறம் வரைகிற கோடே வேறு மாதிரி வரும்.

முதல் ஸ்வாட்ச் சுருண்டு கிடப்பதையும் கவனியுங்கள். சிங்கிள் ஜெர்சி எனப்படும் இந்தச் சாதாரண நிட்டின் பக்க ஓரங்கள் பின்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருளும். அது குறை இல்லை, அந்தத் துணியின் இயல்பு. ரிப்பில் முன் கண்ணியும் பின் கண்ணியும் மாறி மாறி வந்து ஒன்றையொன்று சமன் செய்வதால் சுருளாது. ஸ்வெட்டரின் கீழ் விளிம்பிலும் மணிக்கட்டிலும் ரிப் வருவதற்கு நெகிழ்வோடு இதுவும் ஒரு காரணம். சுருளையே அழகாகப் பயன்படுத்தி கழுத்தில் ஒரு உருண்ட விளிம்பாக விட்டுவிடுவது எனக்கு மிகவும் பிடித்த முடிப்பு.

சரி, அளவுக்கு வருவோம். கணக்குக்கான ஸ்வாட்ச் குறைந்தது 15 சென்டிமீட்டர் சதுரம் இருக்கட்டும். மெஷினிலிருந்து எடுத்த உடனே அளக்காதீர்கள். எடை தொங்கியதால் அது நீளவாக்கில் இழுபட்டிருக்கும். துவைத்து, தட்டையாகப் போட்டுக் காயவைத்து, ஒரு இரவு அப்படியே விடுங்கள். கோனில் (கூம்பு வடிவச் சுற்றில்) வரும் லாம்ப்ஸ்வூல் என்ற ஆட்டுக்குட்டிக் கம்பளியில் நூற்பு எண்ணெய் இருக்கும். மிதமான சோப்பு நீரில் அது போன பிறகுதான் இழை உப்பி துணி மெத்தென்று ஆகும். துவைப்பதற்கு முன் இருந்ததும் பின் இருப்பதும் ஒரே துணியா என்று சந்தேகமே வரும். அப்புறம் ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 சென்டிமீட்டரை அளந்து, கண்ணிகளையும் வரிசைகளையும் எண்ணுங்கள்.

28 கண்ணி, 40 வரிசை வந்தது என்று வைத்துக்கொள்வோம். முன்பாகம் 46 சென்டிமீட்டர் அகலம் வேண்டும் என்றால் 46ஐ 2.8ஆல் பெருக்க, 129 கண்ணி. இதே துணியை 27 கண்ணி என்று எண்ணிவிட்டால் 124 கண்ணி போடுவீர்கள். ஒரு பாகத்தில் 1.7 சென்டிமீட்டர் குறையும். முன்னும் பின்னும் சேர்த்தால் மூன்றரை சென்டிமீட்டர். அணிகிறவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு சைஸ் வித்தியாசம். அதனால் மூன்று இடங்களில் எண்ணி, அரைக் கண்ணியையும் விடாமல் சராசரி எடுங்கள்.

கையின் சரிவும் இதே கணக்குதான். மணிக்கட்டில் 70 கண்ணி, மேல்கையில் 110, நீளம் 45 சென்டிமீட்டர், அதாவது 180 வரிசை. கூட்ட வேண்டியது 40 கண்ணி. இரு பக்கமும் ஒவ்வொன்றாக என்றால் 20 முறை. 8 வரிசைக்கு ஒருமுறை கூட்டினால் 160 வரிசையில் முடிந்துவிடும், மீதி 20 வரிசை நேராகப் போகலாம். ஓரக் கண்ணியிலேயே கூட்டாமல், இரண்டு மூன்று கண்ணி உள்ளே தள்ளிக் கூட்டுங்கள். ஓரம் நேராக இருக்கும், இணைப்பதும் சுலபம். நல்ல ஸ்வெட்டரில் அக்குளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள் வரிசையாகத் தெரியும், பார்த்திருப்பீர்கள். வெட்டாமல் பின்னலிலேயே வடிவம் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். வீட்டில் இருக்கிற ஒரு ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பி, இந்தக் குறிகளை எண்ணி, எத்தனை வரிசைக்கு ஒருமுறை குறைத்திருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

நூல் விஷயத்தில் தொடக்கத்தில் சிக்கனமாக இருக்கலாம், ஆனால் நூல் எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கம்பளி கோனில் 2/28 என்று இருந்தால், ஒரு கிராமுக்கு 28 மீட்டர் வரும் இழைகள் இரண்டை முறுக்கியிருக்கிறார்கள். ஆக ஒரு கிராமுக்கு 14 மீட்டர். எண் கூடக் கூட இழை மெல்லியது. பருத்தியிலும் அப்படித்தான், ஆனால் அதன் கணக்கு வேறு: ஒரு பவுண்டில் 840 கஜக் கண்டுகள் எத்தனை என்பது. கம்பளி இழுத்தால் திரும்பி வரும், தவறைப் பொறுத்துக்கொள்ளும். முதல் உடையை அதில் செய்யுங்கள். பருத்தி ரிப் போட்டுக்கொள்ளப் போட்டுக்கொள்ளத் தளர்ந்துவிடும், கூடவே எலாஸ்டேன் என்ற நீளும் இழை சேர்க்காவிட்டால் மணிக்கட்டு நிற்காது. லினன் விறைப்பு, ஊசியில் அறுபடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நூல் வேண்டும் என்பதற்கும் ஸ்வாட்சே பதில் சொல்லும். 20க்கு 20 சென்டிமீட்டர் ஸ்வாட்ச் 12 கிராம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 0.03 கிராம். உடையின் எல்லாப் பாகங்களும் சேர்ந்து 9,000 சதுர சென்டிமீட்டர் என்றால் 270 கிராம். இன்னும் கொஞ்சம் சேர்த்தே வாங்குங்கள். அடுத்த சாயத் தொகுப்பில் அதே நிறம் அச்சாகக் கிடைக்காது.

ஒவ்வொரு ஸ்வாட்சிலும் ஒரு சீட்டு கட்டாயம். நூல், எண், எத்தனை இழை சேர்த்தது, மெஷினின் கேஜ் (ஊசிகளின் நெருக்கம்), டென்ஷன் எண், கண்ணி, வரிசை, துவைப்பதற்கு முன்னும் பின்னும் அளவு. சீட்டு இல்லாத ஸ்வாட்சைத் திரும்பப் பின்ன முடியாது.

இத்தனைக்கும் பிறகு ஸ்கெட்ச்புக்கைத் திறங்கள். ஸ்வாட்சைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கி, மனித உருவத்தின் மேல் ஒட்டி, அதிலிருந்து வரையுங்கள். அல்லது டம்மியின் தோளில் துணியைக் குத்தி, எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இத்தாலிய நிட்வேர் நிறுவனமான மிசோனியின் புகழ்பெற்ற சிக்சாக்கே சால்வை பின்னும் ராஷல் மெஷினிலிருந்து பிறந்ததுதான். பிரெஞ்சு வடிவமைப்பாளர் சோனியா ரிக்கியல் தையலை வெளிப்பக்கம் திருப்பி, அதையே அலங்காரமாக்கினார். இரண்டுமே துணியையும் அதன் கட்டுமானத்தையும் உற்றுப் பார்த்தவர்களுக்கு வருகிற யோசனை.

ஜெர்சித் துணியை வெட்டித் தைக்கும் பாடமும் கூடவே வரும். ஆண்களின் உள்ளாடைத் துணியாக இருந்த ஜெர்சியை முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஞ்சு வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் பெண்களின் வெளியுடைக்குக் கொண்டுவந்தார்; இந்தப் பாடத்தின் வேர் அங்கே இருக்கிறது. இதில் மூன்று விஷயம் போதும்: முனை உருண்ட ஊசி, தோள் தையலில் நீளாத நாடா, வெட்டுவதற்கு முன் துணியை விரித்து ஓய்வெடுக்க விடுவது.

கழுத்துப் பட்டிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள் என்பேன். நிட்வேர் உடையில் கண் முதலில் போகும் இடம் அது. பட்டி கழுத்து வட்டத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக இருந்தால்தான் உடலோடு படியும். எவ்வளவு சிறியது என்பது அந்த ரிப் எவ்வளவு நீளும் என்பதைப் பொறுத்தது. ரிப் ஸ்வாட்சில் 10 சென்டிமீட்டரைக் குறித்து, ஸ்கேல் பக்கத்தில் வைத்து, வலிந்து இழுக்காமல் எதுவரை நீள்கிறது என்று பாருங்கள். அந்த நீட்சியில் பட்டி தலைச் சுற்றளவைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் உடை தலை வழியாக இறங்காது. பாகங்களைக் கண்ணிக்குக் கண்ணி இணைக்கும் லிங்கிங் மெஷினில் ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொரு முள்ளில் மாட்டும்போது நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள்; ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அங்கிருந்து ஏணி போல இறங்கிவிடும். மாட்டி முடித்ததும் தைப்பதற்கு முன் ஒருமுறை முழுச் சுற்றும் எண்ணிச் சரிபாருங்கள்.