நரம்பியல் நோயாளியிடம் மாணவர்கள் கோட்டை விடும் இடங்கள்

ஸ்கேனைத் தப்பாகப் படிப்பதால் வரும் பிழைகளைவிட, ஸ்கேனுக்கு முன் கேட்காமல் விட்ட கேள்விகளால் வரும் பிழைகளே அதிகம்.

பக்கவாதத்தில் அந்தக் கேள்வி நேரம். காலை 7 மணிக்கு எழும்போதே கை விளங்கவில்லை என்றால், கேஸ் ஷீட்டில் 7 மணி என்று எழுதக் கூடாது. முந்தின இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர் என்றால் கணக்கு 10 மணியிலிருந்துதான். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தான ஆல்டெப்ளேஸுக்கான 4.5 மணி நேரமும் அங்கிருந்தே ஓடும். அதைத் தாண்டியவர்களில் சிலரை எம்.ஆர்.ஐ. பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும். அது சீனியர்களின் முடிவு. மருந்தைத் தொடுமுன் சர்க்கரை அளவைப் பாருங்கள், தாழ்சர்க்கரையும் ஒரு பக்கத்தைச் செயலிழக்க வைக்கும். முதல் சில மணி நேரத்தில் சி.டி. சாதாரணமாக இருப்பது பக்கவாதம் இல்லை என்பதற்குச் சான்றல்ல. இரத்தக்கசிவு இல்லை என்று காட்டுவதே அதன் முதல் வேலை. இரத்த அழுத்தம் ஆல்டெப்ளேஸுக்கு முன் 185/110-க்குக் கீழே வர வேண்டும். ஆல்டெப்ளேஸோ இரத்தக்கட்டியை அகற்றும் சிகிச்சையோ தராதவரிடம், வேறு அவசரக் காரணம் இல்லாவிட்டால், 220/120 வரை கை வைக்காதீர்கள். அவசரப்பட்டு இறக்கினால் பிழைக்கக்கூடிய மூளைப்பகுதியும் பட்டினி கிடக்கும்.

வாய் கோணியவரைப் புருவம் உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றி சுருங்கினால் கோளாறு மூளையில். பாதி முகம் முழுக்க அசையாவிட்டால் முக நரம்பில். பெல்ஸ் வாதம் (காரணம் தெரியாமல் திடீரென வரும் முக நரம்பு வாதம்) என்றால் 72 மணி நேரத்துக்குள் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, கூடவே மூடாத கண்ணுக்குப் பாதுகாப்பு. ஒரு பொறி உண்டு: மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் வரும் பக்கவாதம் நெற்றியையும் விடாது. அதனால் கண் வெளிப்பக்கம் நகர்கிறதா, கைகால் பலம் எப்படி என்று பார்க்காமல் பெல்ஸ் என்று எழுதாதீர்கள்.

வலிப்பில் பெரிய தவறு பயந்து பயந்து மருந்து தருவது. 5 நிமிடம் தாண்டினால் அது தொடர்வலிப்பு. வலிப்பை நிறுத்தும் முதல் மருந்தான லோரசெபாம் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி., ஒரு தடவைக்கு உச்சம் 4 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு 4 மி.கி. முழுசாகப் போக வேண்டும். மூச்சு நின்றுவிடுமோ என்று 1 மி.கி., 2 மி.கி. தருகிறார்கள். அடங்காத வலிப்புதான் மூச்சை அதைவிட அதிகம் கெடுக்கும். நிற்காவிட்டால் இன்னொரு டோஸ், தாமதிக்காமல் அடுத்த வலிப்பு மருந்தான லெவெடிராசிடாம் கிலோவுக்கு 60 மி.கி., உச்சம் 4,500 மி.கி. அதற்குப் பதில் ஃபெனிடாய்ன் என்றால் கிலோவுக்கு 20 மி.கி., நார்மல் சலைனில் மட்டும். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிந்துவிடும். வேகம் நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டக் கூடாது, அதாவது அதே 60 கிலோ ஆளுக்கு 1,200 மி.கி. இறங்க 24 நிமிடமாவது ஆகும். ஈ.சி.ஜி. மானிட்டர் ஓடட்டும். கைகால் துடிப்பு நின்றும் நினைவு திரும்பாவிட்டால் மூளை மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. கேளுங்கள்.

வலிப்பு வந்த இளவயதினரிடம் கேட்க வேண்டியது இன்னொன்று: காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து எகிறுகிறதா? ஆம் என்றால் கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்தை எழுதாதீர்கள், அந்தத் திடீர்த் துடிப்புகளைக் கூட்டிவிடும்.

நரம்புகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கிப் பலவீனம் தரும் கில்லன்-பாரே நோயில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பாதீர்கள், அது கடைசியில்தான் இறங்கும். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள், எஃப்.வி.சி.யை (முழு மூச்சிழுத்து வேகமாக வெளிவிடும் காற்றின் அளவு) திரும்பத் திரும்ப அளந்து பாருங்கள். கிலோவுக்கு 20 மி.லி.க்குக் கீழே போனால் ஐ.சி.யு. ஸ்டீராய்டு இதில் பலன் தராது; ஐ.வி.ஐ.ஜி. (நரம்பு வழி ஏற்றும் எதிர்ப்புப் புரதம்) அல்லது பிளாஸ்மா மாற்றம்தான்.