"ஏன்" வேண்டாம், "எப்போதிலிருந்து" போதும்

சென்னை வில்லிவாக்கத்தில் எட்டு வீடுகள் உள்ள எங்கள் பிளாட்டுக்கு நான்தான் செக்ரட்டரி. வேறு யாரும் தலையைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். முதல் மாடிப் பாட்டி தினமும் பன்னிரண்டு குடம், இரண்டு அண்டா, ஒரு டிரம் என்று தண்ணீர் பிடிப்பார். மறுநாள் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பார். காலை ஏழு மணிக்கே மேல் டேங்க் காலி. மூன்று மாதம் படிக்கட்டில் நின்று கத்தினேன். ஒரு குடம்கூடக் குறையவில்லை.

உங்கள் பிராணனையும் யாராவது இப்படி வாங்கினால், கொதிக்கும்போது போகாதீர்கள். நான் மோட்டாரைப் போட்டு, டேங்க் நிரம்பிய அப்புறம்தான் போனேன். நாலு பேர் பார்க்கும் இடத்தில் பேச்சை எடுக்கவே கூடாது. அங்கே யாரும் மானத்தைத்தான் காப்பாற்றப் பார்ப்பார்கள். வீட்டுக்குள் போய் உட்காருங்கள். காபி கொடுத்தால் குடியுங்கள்.

முக்கியமாக, "ஏன்" வேண்டாம். நம் ஊரில் "ஏன் இப்படிப் பண்றீங்க?" என்பது கேள்வியே இல்லை, திட்டு. நான் கேட்டது: "பாட்டி, இந்த அண்டா எல்லாம் எப்ப வாங்கினீங்க?"

"ரயில்ல தண்ணி வந்துச்சே, அந்த வருஷம்ப்பா."

2019. சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்ட கோடை. ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு ரயில் வந்து நின்றது எங்கள் வில்லிவாக்கத்தில்தான். அதற்கு முன்னால், படுத்த படுக்கையாய் இருந்த கணவரைத் தனியே விட்டுவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்காகக் குடத்தோடு நின்றிருக்கிறார் பாட்டி. ஒருநாள் அவர் முறை வருவதற்குள் லாரி காலி. கணவருக்கு உடம்பு துடைத்துவிடக்கூட அன்று தண்ணீர் இல்லை.

"இப்பதான் ஏரியில தண்ணி இருக்கே" என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் ரொம்பக் கஷ்டம். மூடிக்கொள்ளுங்கள்.

கேட்டதாலேயே விட்டுக்கொடுத்ததாக ஆகாது. மேல்வீட்டுப் பிள்ளைகள் குளிக்காமல் பள்ளிக்கூடம் போவதையும் சொன்னேன். தினமும் சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், கோல் விட்டு அளந்து, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனில் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். இப்போது ஐந்து குடம், ஒரு அண்டா. டிரம்மில் அரிசி.

எல்லாரிடமும் இது பலிக்காது. கேட்டை மறித்து பைக் நிறுத்தும் பையனிடமும் இதே பக்குவத்தில் கேட்டேன். "சும்மாதான் சார்" என்றான். அவனுக்குச் சங்கிலிதான்.

நேற்று அளக்க மறந்துவிட்டேன். ஆறேகாலுக்குப் பாட்டியிடமிருந்து போன்: "என்னப்பா, கோல் நனைஞ்சுதா?"